வெளிப்படியில் ஒற்றை ஆள்

அந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

இரண்டு புள்ளி ஏழு.

இத்தனை லித்தியம் ரத்தத்தில் ஓடுகிற மனிதன் தன் காலால் நடந்து வந்து, சட்டைக் கையை மடித்துக் கொண்டு ஊசிக்குக் கை நீட்டி, கவுண்டர் சிஸ்டரிடம் கடி ஜோக் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்க முடியாது. ஸ்ட்ரெச்சரில் அல்லவா வந்திருக்க வேண்டும்? எண் ஒன்றைத் தாண்டினாலே டாக்டர்களின் புருவம் ஏறும். ஒன்றரையைத் தாண்டினால் ஃபோனைத் தூக்குவார்கள். இரண்டு புள்ளி ஏழு என்றால் உறவினர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

ரத்தம் வந்த குழாயைத் தூக்கிப் பார்த்தாள். பச்சை மூடி.

அதானே பார்த்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதைத் தாங்கியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள்.

ஆஸ்பத்திரி லேபில் அவளுக்குச் சுடர்க்காரி என்று பெயர். மற்ற இயந்திரங்கள் எல்லாம் குழாயை விழுங்கி, காகிதத்தைத் துப்பும். ஒரே ஒரு கிழட்டு இயந்திரம் மட்டும் இன்னும் நெருப்பை வைத்துக்கொண்டு வேலை செய்தது. ரத்தத்தின் தெளிந்த நீரைத் தண்ணீர் கலந்து பனிபோல அதன் சுடருக்குள் தெளிக்க வேண்டும். சுடர் எந்த நிறத்தில் எவ்வளவு எரிகிறது என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வடிகண்ணாடி வைத்துப் பார்த்து அது எண்ணைச் சொல்லும். அதைக் கழித்துக் கட்டிவிடலாம் என்று சீஃப் பலமுறை பேச்செடுத்தார். இல்லாத மாமியாருக்குப் பதிலா இதுவாவது இருந்துட்டுப் போகட்டும் சார் என்று அவள் சொன்ன பிறகு அந்தப் பேச்சை விட்டார். நாற்பது வயசு வரை கல்யாணம் செய்துகொள்ளாதவளிடம் இதற்கு மேல் என்ன பேசுவது?

லேபில் ஆளுக்கொரு கணக்கு உண்டு, ஆனால் மூடியின் நிறம் எல்லோருக்கும் பொது. சிவப்பு மூடிக் குழாயில் எந்த மருந்தும் கிடையாது. பச்சை மூடிக் குழாயின் உள்சுவரில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்தைத் தெளித்திருப்பார்கள், அந்த மருந்திலேயே லித்தியம் இருக்கும். லித்தியம் அளக்க வேண்டிய ரத்தத்தை அதில் பிடிப்பது, மழையில் நனைந்த சட்டையைப் பிழிந்து வேர்வையை அளப்பது மாதிரி. வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாராவது இப்படிச் செய்வார்கள். எண் எகிறும். லேபில் எல்லோரும் சிரிப்பார்கள். குழாயை ஒதுக்கிவிட்டு, வேறு ரத்தம் அனுப்பு என்று எழுதி அனுப்புவார்கள்.

அவள் கவுண்டருக்குப் போய்ச் சிஸ்டரைப் பிடித்தாள். சிவப்பு மூடி தீர்ந்துபோச்சு, புதுப் பெட்டியில இதான் இருந்தது, உங்க அண்ணன்தானே, நீங்க பாத்துப்பீங்கன்னு விட்டுட்டேன் என்றார் சிஸ்டர். அவருக்கு ஓய்வு பெறப்போகிற வயசு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். லித்தியம் மாத்திரைக்கு முந்தைய நாட்களில் அவன் மனசு ஒரு நிலையில் நின்றதில்லை. ஒரு மாசம் தூக்கமே இல்லாமல் பேசுவான், பாடுவான், முன்பின் தெரியாதவர்களைக் கூட்டி வந்து விருந்து வைப்பான். அடுத்த மாசம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தானென்றால் பல் தேய்க்கக்கூட எழுந்திருக்க மாட்டான். ஒரு தடவை பாலத்தின் கைப்பிடியிலிருந்து அவனை இறக்கிக் கூட்டி வந்தவள் இவள்தான். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் மாத்திரை. அதற்குப் பிறகுதான் வேலை, கல்யாணம், வீடு எல்லாம். பன்னிரண்டு வருஷமாக அவனைக் கீழே விழாமல் நிறுத்தி வைத்திருப்பது ரத்தத்தில் இருக்கும் அந்த எண். அந்த எண்ணுக்குக் காவல் அவள். வேறு யாரையும் அந்தக் குழாயைத் தொட விடமாட்டாள்.

அண்ணன் தன் மாத்திரைக்கு வைத்த பெயர் மூணாம் நம்பர். லித்தியம் அணுவில் மூன்றே எலெக்ட்ரான். அணுவைப் பற்றி அவனிடம் ஒரு லாட்ஜ் கதை உண்டு. பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் கேட்காதவர்களுக்கெல்லாம் சொல்வான். அணு ஒரு லாட்ஜ். தரைத்தளத்தில் இரண்டே கட்டில். அது நிரம்பாமல் ஒருத்தனையும் மாடிக்கு அனுப்ப மாட்டார்கள். அடுத்த மாடியில் எட்டுக் கட்டில். லித்தியத்தில் மூன்று பேர், கீழே இரண்டு பேர் படுத்தாயிற்று, மூன்றாவது ஆள் மாடியில் தன்னந்தனியாக. சோடியத்தில் பதினோரு பேர். கீழே இரண்டு, மேலே எட்டு, அதற்கும் மேலே பதினோராவது ஆள் தன்னந்தனியாக. பொட்டாசியத்துக்கு வரும்போது அண்ணனின் குரல் ஏறும். பத்தொன்பது பேர். இரண்டாம் மாடியில் எட்டுப் பேர் படுத்த பிறகும் பத்துக் கட்டில் காலி. ஆனாலும் பத்தொன்பதாவது ஆள் அங்கே படுக்காமல் மூன்றாம் மாடிக்குப் போய்விடுகிறான், அங்கே படுப்பதுதான் அவனுக்குச் சிரமம் குறைவு. நம்ம சொந்தக்காரங்க மாதிரி, உள்ள இடம் இருந்தாலும் வெளியிலதான் நிப்பேன்னு அடம் என்பான் அண்ணன்.

ஆக, லாட்ஜ் எத்தனை மாடியாக இருந்தாலும் மூன்றிலும் வெளிப்படியில் நிற்பவன் ஒருத்தன்தான். சுடருக்குள் போட்டால் அந்த ஒற்றை ஆள் சூடு தாங்காமல் மேல்மாடிக்கு எகிறுவான். அங்கே நிற்க முடியாது, விழுவான். விழுகிற உயரம்தான் நிறம். லித்தியம் என்றால் சிவப்பு, சோடியம் என்றால் மஞ்சள், பொட்டாசியம் என்றால் ஊதா. நானும் அந்த ஆள்தான், சூடு பட்டா ஏறிடுவேன், விழும்போதுதான் ஊருக்கே தெரியும் என்று ஒருமுறை சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவனுக்கு ஃபோன் போட்டாள்.

"அண்ணா, உன் ரத்தத்தைப் பச்சை மூடியில பிடிச்சுட்டாங்க. நாளைக்கு இன்னொரு தடவை வந்து கை நீட்டிட்டுப் போ."

"எவ்வளவு காட்டுச்சு?"

"ரெண்டு புள்ளி ஏழு."

மறுமுனையில் சிரிப்பு. "அப்போ நான் செத்துட்டேன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட லீவு சொல்லிடவா?"

நாக்கு லேசாக இழுத்தது. என்ன, வாயில எதையாவது அடைச்சிருக்கியா என்று கேட்டாள். ராத்திரி சரியாத் தூங்கல, வயிறும் சரியில்ல என்றான். நாளைக்குப் பசங்களுக்குச் செய்முறைத் தேர்வு, ஆசிட் பாட்டிலோட அவங்களை விட்டுட்டு வந்தா ஸ்கூலே இருக்காது, திங்கக்கிழமை வரேன் என்றான்.

சரி என்றாள். திங்கக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணியின் ஃபோன் வந்தது. அண்ணி லேசில் இவளுக்கு ஃபோன் பண்ணுகிற ஆள் இல்லை. திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததுமே எடுத்தாள்.

மூன்று நாளாக வயிற்றுப்போக்கு, வாந்தி. வெளியே எங்கேயோ சாப்பிட்டது ஒத்துக்கவில்லை என்று நினைத்தார்களாம். காலையில் படியில் இறங்கும்போது குடித்தவன் மாதிரித் தள்ளாடி விழுந்திருக்கிறான். இப்போது பேசினால் ஒன்றும் புரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது.

அவசரப் பிரிவில் அவனைப் பார்த்தாள். அவன் கைகள் தூண்டிலில் மாட்டிய மீன் மாதிரித் துள்ளின. கண் ஒரு இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் வெட்டி வெட்டி இழுத்தது. அவளைப் பார்த்து ஏதோ சொன்னான். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. ஆட்காட்டி விரலால் காற்றில் வட்டம் போட்டான், அதைச் சுற்றி இன்னொரு வட்டம். பேய் ஏதோ பிடித்தவன் மாதிரி இருந்தது மற்றவர்களுக்கு. அவளுக்கு மட்டும் தெரிந்தது, கரும்பலகையில் அவன் தினமும் போடுகிற படம் அது.

டூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். கடைசியாக லித்தியம் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"வியாழக்கிழமை. ஆனா அது செல்லாது சார், குழாய் தப்பு."

புதிதாக ரத்தம் எடுத்தார்கள். சிவப்பு மூடிதானா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கையில் பொத்திக்கொண்டு ஓடினாள். சுடரைப் பற்ற வைத்தாள். அளவு தெரிந்த கரைசலைத் தெளித்து இயந்திரத்தைச் சரிபார்த்தாள். அதற்குப் பிறகு அண்ணனை உள்ளே விட்டாள்.

மூன்று புள்ளி ஒன்பது.

தெளிக்கும் குழலைக் கழுவி மறுபடி பார்த்தாள். மூன்று புள்ளி ஒன்பது. இந்த முறை சிரிப்பு வரவில்லை.

டாக்டர் நேராகவே கேட்டார். இவ்வளவு ஏற இரண்டு வழிதான். ஒன்று, உள்ளே அதிகமாகப் போயிருக்க வேண்டும். அல்லது, வெளியே போக வேண்டியது போகாமல் தங்கியிருக்க வேண்டும். மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது, வீட்டில் ஏதாவது சண்டையா என்றார். கேள்வியை மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அது அவள் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது.

கல்யாணத்தின்போது அண்ணியிடம் முழு உண்மையைச் சொல்லவில்லை. நரம்புக்கு ஏதோ மாத்திரை சாப்பிடுகிறான் என்று மட்டும் சொன்னார்கள். சொல்லச் சொன்னது அண்ணன், சொன்னது இவள். அண்ணிக்கு விஷயம் தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று. புருஷனை மன்னித்துவிட்டாள். நாத்தனாரை மன்னிக்கவில்லை.

வராந்தா பெஞ்சில் அண்ணி மடியில் அவனுடைய செருப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, அண்ணனுக்கு மாத்திரை யாரு எடுத்துக் கொடுக்கிறது?"

"நான்தான். ஏன், நீ என்ன போலீஸா?"

"டாக்டர் கேக்கச் சொன்னார்."

"டாக்டர் கேக்கச் சொன்னாரா, நீயாக் கேக்கறியா?" அண்ணி கைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். "போய் எண்ணிப் பாத்துக்கோ. தைரியமா எண்ணு."

அவள் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் மனசு கண்டதையும் நினைத்தது. அண்ணி அப்படிச் செய்யக்கூடியவள் இல்லை என்று ஒரு பக்கம். யாருக்குத் தெரியும் என்று இன்னொரு பக்கம்.

மாத்திரை அட்டை படுக்கையறை மேஜையில் இருந்தது. எண்ணினாள். ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. குப்பைக் கூடையைக் கொட்டிப் பார்த்தாள். அலமாரி, தலையணை உறை, அண்ணன் பை என்று எதையும் விடவில்லை. பசியில் தலை சுற்றியது. சமையலறையில் முந்தின நாள் செய்த காய்கறி சூப் மூடி வைத்திருந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாள்.

உப்பு இல்லை.

மறந்திருப்பார்கள் என்று உப்பு டப்பாவைத் தேடினாள். அடுப்புப் பக்கம் இல்லை. சாப்பாட்டு மேஜையில் இல்லை. ஸ்டூல் போட்டு ஏறினால், எல்லாவற்றுக்கும் மேல் தட்டில், காலி டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது. மூடியில் தூசி.

ஸ்டூலில் நின்றபடியே அண்ணிக்கு ஃபோன் போட்டாள். வீட்டுல ஏன் உப்பே இல்ல என்று கேட்டாள்.

எனக்கு ரத்தக் கொதிப்பு, உப்பையே தொடக் கூடாதுன்னு போன மாசம் டாக்டர் சொன்னார் என்றாள் அண்ணி. நான் எனக்குத் தனியா வச்சுக்கறேன்னுதான் சொன்னேன். உங்க அண்ணன்தான் கேக்கல.

"'ஒரே வீட்டுல நீ மட்டும் சப்புன்னு சாப்பிடறதா, நானும் உன் கட்சி'ன்னார். அவரேதான் ஸ்டூல் போட்டு மேல தூக்கி வச்சார். ஏன் கேக்கறே? உப்புக்கும் இதுக்கும் என்ன?"

அவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

என்ன சம்பந்தம் என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே பெரிய டாக்டர் சொல்லியிருந்தார், அண்ணனையும் அவளையும் எதிரில் உட்கார வைத்து. லித்தியத்தில் வெளிப்படியில் நிற்கிற ஒற்றை ஆள் ஒட்டிக்கொள்கிறவன் இல்லை, சட்டென்று கழன்றுவிடுவான். சோடியத்திலும் அப்படித்தான். ஒருவனை இழந்த பிறகு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சாயல். சிறுநீரகம் வாசல் காவல்காரன் மாதிரி, சாயலைப் பார்த்துத்தான் ஆளை விடும். உப்பு என்பது சோடியம். உடம்பில் உப்பு குறைந்தால் காவல்காரன் பதறிப்போய், சோடியம் மாதிரித் தெரிகிற எதையும் வெளியே விடாமல் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்வான். லித்தியத்தையும் சேர்த்து. அதனால் தினமும் ஒரே அளவு உப்பு, ஒரே அளவு தண்ணீர், ஒருநாளும் கூட்டாதே குறைக்காதே என்றார் டாக்டர். அண்ணன் அங்கேயே தன் லாட்ஜ் கதையைச் சொல்லி, டாக்டரையே சிரிக்க வைத்தான்.

அண்ணிக்கு இதை யாரும் சொன்னதில்லை. மாத்திரை என்னவென்றே மறைத்தவர்கள், உப்பைப் பற்றி எப்படிச் சொல்வார்கள்?

ஆனால் அவனுக்குத் தெரியும். அந்த ஊரிலேயே அவனைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. தெரிந்தும் ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறான். கொஞ்ச நாள்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்திருப்பான். இல்லாவிட்டால், உப்பை நிறுத்தாதே என்று தான் சொன்னால் அண்ணி தனியாக உட்கார்ந்து சப்பென்று சாப்பிடுவாளே என்று நினைத்திருப்பான். அவன் அப்படித்தான்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது அண்ணி அவள் முகத்தைப் பார்த்து, எண்ணிக்கை சரியா இருந்துச்சா என்று மட்டும் கேட்டாள். சரியா இருந்துச்சு, மன்னிச்சுக்குங்க அண்ணி என்றாள்.

அன்று மத்தியானமே டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். சிறுநீரகம் விடாததை இயந்திரம் இழுத்து வெளியே விட்டது. கிட்னி டாக்டர் பொறுமையானவர். ரத்தத்திலிருந்து எடுத்துவிடலாம், அது சுலபம் என்றார். மூளைக்குள் எவ்வளவு போய் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் பயம். எத்தனை நாளாக எண் இப்படி ஏறி நின்றது என்று தெரிந்தால் நல்லது. ஒருநாள் என்றால் பிழைத்துக்கொள்வார். பல நாள் என்றால் சொல்ல முடியாது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வியாழக்கிழமைக் குழாய் லேப் ஃபிரிட்ஜில் இருக்கிறது. எந்த ரத்தத்தையும் ஒரு வாரம் கழித்துத்தான் கொட்டுவார்கள். அதில் வந்த இரண்டு புள்ளி ஏழில் குழாயின் லித்தியம் எவ்வளவு, அண்ணனின் லித்தியம் எவ்வளவு? அதே பெட்டியிலிருந்து வெறும் குழாய் ஒன்றை எடுத்து, தண்ணீர் ஊற்றி அளந்தால் குழாயின் பங்கு தெரிந்துவிடும். கழித்தால் மிச்சம் அண்ணனுடையது. வியாழக்கிழமை அவன் நன்றாகத்தான் இருந்தான் என்பதற்குச் சாட்சி கிடைத்துவிடும்.

கவுண்டரிலிருந்து புதுக் குழாய் ஒன்றை எடுத்து வந்தாள். பச்சை மூடியைத் திறந்து சுத்தமான தண்ணீரை ஊற்றினாள். குலுக்கினாள். சுடருக்குள் தெளித்தாள்.

சுடர் மஞ்சளாகப் பொங்கியது.

கொழுந்துவிட்டு எரிகிற, கண்ணைப் பறிக்கிற மஞ்சள். சிவப்பின் சுவடுகூட இல்லை. லித்தியம் காட்டும் முள் அசையாமல் படுத்துக் கிடந்தது.

பூஜ்யம்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. இயந்திரத்தில்தான் கோளாறு என்று நினைத்தாள். இன்னொரு குழாய். அதே மஞ்சள், அதே பூஜ்யம். குழாயைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டியிருந்த சீட்டின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தைப் படித்தாள். உறையாமல் இருக்கப் போட்ட அதே மருந்துதான். ஆனால் லித்தியம் சேர்த்தது இல்லை. சோடியம் சேர்த்தது. ஃபிரிட்ஜில் இருந்த வியாழக்கிழமைக் குழாயின் சீட்டிலும் அதே எழுத்து.

இரண்டுக்கும் மூடி ஒரே பச்சை. இத்தனை வருஷமாக இந்த ஆஸ்பத்திரிக்கு லித்தியம் சேர்த்த குழாய்தான் வரும். இந்தத் தடவை வேறு கம்பெனிப் பெட்டி. ஒருத்தரும் பார்க்கவில்லை. சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியமென்று ஏமாந்தது, அவள் சோடியத்தை லித்தியமென்று ஏமாந்திருந்தாள்.

அப்படியானால் வியாழக்கிழமை வந்த எண்ணில் குழாயின் பங்கு எதுவும் இல்லை. அத்தனையும் அண்ணனுடையது. இரண்டு புள்ளி ஏழோடுதான் அவன் நடந்து வந்தான், ஜோக் சொன்னான், பையன்களுக்கு ஆசிட் ஊற்றக் கற்றுக்கொடுத்தான்.

பக்கத்து மேஜையில் கிருமி வளர்க்கிற பெரியவர் இருந்தார். லேபில் அவர் பெயர் பூச்சிக்காரர். சுடர் அப்படிப் பொங்கியதைப் பார்த்து எழுந்து வந்தார். அவள் குழாயைக் காட்டினாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.

"ஏம்மா, பச்சை மூடியைப் பாத்தா யாரா இருந்தாலும் ஒதுக்கித்தான் வச்சிருப்பாங்க. நானா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன்."

"ஒதுக்கினது கூடப் பரவாயில்ல சார்," என்றாள். "சிரிச்சேன்."

கிட்னி டாக்டரிடம் போய் வியாழக்கிழமையிலிருந்தாவது இருக்கு சார், அதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும் என்றாள். அவர் அவளைத் திட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, சரி, செய்ய வேண்டியதைச் செய்வோம் என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு ரத்தம் வந்துகொண்டே இருந்தது. சிவப்பு மூடி. ஒவ்வொன்றையும் அவளே அளந்தாள். மூன்று, இரண்டு புள்ளி இரண்டு, ஒன்று புள்ளி நான்கு. எண் இறங்க இறங்க லேபில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. சீஃப்கூட வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார். டயாலிசிஸை நிறுத்திக் காத்திருந்தால் மறுபடி இரண்டு புள்ளி ஆறு. உள்ளே ஒளிந்திருந்தது ரத்தத்துக்கு வருகிறது, எதிர்பார்த்ததுதான் என்றார் டாக்டர். மறுபடி இயந்திரம். மறுபடி இறக்கம். அண்ணன் கண் திறக்கவில்லை. வலிப்பு வந்தது. மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். நெஞ்சில் சளி கட்டி ஜுரம் ஏறியது.

வராந்தாவில் அண்ணி அதே பெஞ்சில்தான். யாரோ செருப்பை வாங்கிக் கீழே வைத்திருந்தார்கள். உப்பு விஷயத்தை டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். அதிலிருந்து அவள் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் பேசினாள், வந்த சொந்தக்காரர்கள் எல்லோரிடமும். எனக்கு வந்த வியாதி, அவரைக் கொண்டுபோகுது. நான்தான் ஊட்டினேன். தினமும் என் கையால சப்புன்னு ஆக்கிப் போட்டு, வாத்தியாரே நல்லாருக்கான்னு கேட்டேன். நல்லாருக்குன்னார்.

மற்றவர்கள் போகும்வரை சுடர்க்காரி தூணருகே நின்றாள். வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. டாக்டர் சொல்ல மாட்டார், பூச்சிக்காரர் சொல்ல மாட்டார். அண்ணி காலமெல்லாம் உப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டு தன்னையே கொன்றுகொண்டிருப்பாள். பெஞ்சின் மறு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் தங்கள் இருவருக்கும் உப்பைப் பற்றி எச்சரித்தது, அதை அண்ணியிடம் மறைத்தது, வியாழக்கிழமை எண், பச்சை மூடி, மஞ்சளாகப் பொங்கிய சுடர், எதையும் விடவில்லை.

ஒரு நர்ஸ் சக்கர மேஜையைத் தள்ளிக்கொண்டு அவர்களைக் கடந்து போனாள்.

"வியாழக்கிழமை ராத்திரி அவர் வாந்தி எடுத்தப்போ," என்றாள் அண்ணி கடைசியில், "உனக்கு ஃபோன் பண்ணலாம்னு கையில எடுத்தேன். உன்கிட்ட என்ன பேச்சுன்னு வச்சுட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீயும் எனக்குப் பண்ணல," என்றாள் அண்ணி. "அவருக்குத்தான் பண்ணினே. எனக்குப் பண்ணியிருந்தா நான் அன்னிக்கே தரதரன்னு இழுத்துட்டு வந்திருப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து அவரை மட்டும் நடுவுல வச்சுக்கிட்டோம். நம்ம ரெண்டு பேருக்குள்ள ஒரு வார்த்தை இல்ல."

அதில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அண்ணி அவளைத் தொடவில்லை, எழுந்து போகவும் இல்லை.

புதன்கிழமை காலை, வெளியே நல்ல வெயில். லேபில் எல்லா இயந்திரங்களும் இரைந்துகொண்டிருந்தன. அண்ணனுடைய ரத்தம் வந்து, சுழலியில் சுற்றி, தெளிந்து, அவள் தாங்கியில் நின்றுகொண்டிருந்தது. சுடரை ஏற்றும்போது சீஃபின் அறையில் ஃபோன் அடித்தது. கண்ணாடி வழியாக அவர் ரிசீவரை வைப்பதையும், தன் பக்கம் பார்ப்பதையும், உடனே பார்வையைத் திருப்புவதையும் அவள் பார்த்தாள். ஒரு லேபில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அவர் வெளியே வந்து, அண்ணனுக்கு மூச்சு நின்றுவிட்டது என்று சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். நீ போம்மா, இதை நான் பாத்துக்கறேன் என்றார். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் நகரவில்லை. பூச்சிக்காரர் தன் மேஜையில் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் குழலை ரத்த நீருக்குள் விட்டாள்.

லித்தியத்தின் வடிகண்ணாடி வழியே சுடரின் ஓரத்தில் சிவப்பு தெரிந்தது. மெல்லிய, தெளிவான, அவள் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துப் பழகிய சிவப்பு. முள் ஏறி, ஆடி, நின்றது.

பூஜ்யம் புள்ளி எட்டு.

எந்த மாசமும் அவனுக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற எண். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எங்கே எழுதுவது, யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியாள் உள்ளே வரக்கூடாது என்று எழுதிய கதவு திறந்தது. அண்ணி நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. இயந்திரங்களுக்கு நடுவே வழி தேடி, கிழட்டு இயந்திரத்தின் அருகில் வந்து, அந்தச் சின்னச் சுடரைப் பார்த்தாள். இதற்கு முன்பு அவள் இங்கே வந்ததே இல்லை.

"அவரோடதா?"

"ஆமா அண்ணி."

"எவ்வளவு இருக்கு?"

எண்ணை நோக்கி விரலை மட்டும் நீட்டினாள். அண்ணிக்கு அந்த எண்ணில் எது கூட, எது குறை என்று தெரியாது.

"இது நல்லதா, கெட்டதா? சொல்லு. இனிமே என்கிட்ட எதையும் மறைக்காதே."

"நல்லது," என்றாள். "ரொம்ப நல்லது அண்ணி."

அண்ணி அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள், ஒருமுறை, இன்னொருமுறை. பிறகு பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குழாயில் மிச்சம் இருந்த ரத்த நீர் தீருகிற வரைக்கும் வடிகண்ணாடிக்குள் சுடர் சிவப்பாக எரிந்தது. அதுவரை இரண்டு பேரும் அங்கிருந்து நகரவில்லை.